சோதனையும் மனவலிமையும்: நெய்யூர் தரும் படிப்பினை



நோயுற்றவரை நலம் விசாரிக்கச் செல்லும் நாம் வழக்கமாகக் கூறும் சொல் ஒன்றுண்டு. "பொறுமையாக இருங்கள். எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்போம். அச்சொல்லில் குறையேதும் இல்லை. ஆனால் அதைக் கூறிவிட்டு நாம் வீடு திரும்பி விடுகிறோம். நோயாளியோ உறக்கமின்றி மோட்டைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். பொறுமை என்பதை எவ்வாறு கடைப்பிடிப்பது என்பதை அவருக்கு எவரும் சொல்லித் தரவில்லை. வருவதையெல்லாம் ஏற்றுக்கொண்டு வாளாவிருப்பதுதான் பொறுமையா? அல்லது துன்பத்தின் நடுவிலும் மனிதன் செய்ய வேண்டிய கடமை ஏதேனும் உண்டா?

இக்கேள்வி நம் ஒவ்வொருவர் இல்லத்திற்கும் உரியது. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இல்லாத வீடு இன்று அரிது. பக்கவாதத்தில் படுத்த தந்தையைப் பராமரிக்கும் மகள்கள் இருக்கின்றனர். வளைகுடா நாட்டில் உழைக்கும் கணவருக்குத் தெரியாமல் தம் நோயை மறைத்து வாழும் தாய்மார்களும் இருக்கின்றனர். இவர்கள் அனைவருக்கும் பயன்தரக்கூடிய விடை ஒன்று நமது குமரி மாவட்டத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. அதைச் சற்று விரிவாகக் காண்போம்.

சோதனை இல்லாத வாழ்வில்லை

அச்சத்தாலும் பசியாலும், பொருள், உயிர், விளைச்சல் ஆகியவற்றின் இழப்பாலும் மனிதர்களைச் சோதிப்பதாகத் திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 155ஆம் வசனத்தில் அல்லாஹ் அறிவிக்கின்றான். இதில் நல்லவர்களுக்கு விதிவிலக்கு ஏதும் வழங்கப்படவில்லை. நபி அய்யூப் (அலை) அவர்கள் நோயினால் சோதிக்கப்பட்டார்கள். நபி யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தில் பார்வையை இழந்தார்கள். நம் கண்முன்னும் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி எழுந்து குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி கரைகளில் குடும்பம் குடும்பமாக மக்களை வாரிச் சென்றது. அன்று மாண்டவர்கள் பாவிகள் என்றும், தப்பியவர்கள் புண்ணியவான்கள் என்றும் கூற எவருக்கு உரிமை இருக்கிறது?

இறைநம்பிக்கையாளருக்கு ஏற்படும் களைப்பும் நோயும் கவலையும், அவர் காலில் தைக்கும் முள்ளும்கூட அவருடைய தவறுகளுக்குப் பரிகாரமாகின்றன என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறினார்கள். அதே நபியவர்கள்தாம், மருந்தின்றி எந்த நோயையும் அல்லாஹ் இறக்கவில்லை என்றும் போதித்தார்கள். இவ்விரண்டு போதனைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நோய்க்கு நற்கூலி உண்டு என்பது உள்ளத்திற்கு ஆறுதல். நோய்க்கு மருந்து உண்டு என்பது கைகளுக்கு இடப்பட்ட கட்டளை. உள்ளம் முறையிடாமல் இருக்க வேண்டும், கைகள் ஓய்ந்து விடாமல் இயங்க வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்ததே முழுமையான ஸப்ரு ஆகும்.

நெய்யூர் மருத்துவமனை

இரணியலுக்கும் திங்கள்சந்தைக்கும் அருகிலுள்ள நெய்யூரை அறியாதவர் நம் மாவட்டத்தில் இருக்க முடியாது. இப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் கீழ் இருந்த 1838ஆம் ஆண்டில், லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற மருத்துவர் அங்கே வைத்தியப் பணியைத் தொடங்கினார். பின்னர் வந்த மருத்துவர் லீச் 1854இல் முட்டம் கடலில் மூழ்கி உயிரிழந்தார். ஆயினும் பணி மீண்டும் தொடர்ந்தது. அம்மை, காலரா, தொழுநோய் என வாடிய மக்கள் சாதி, சமய வேறுபாடின்றி அதன் வாசலை நாடி வந்தனர்.

அம்மருத்துவமனைக்கு 1922ஆம் ஆண்டில் ஓர் ஆங்கிலேய இளைஞர் வந்து சேர்ந்தார். அவர் பெயர் ஹோவர்ட் சாமர்வெல். இந்தியாவைச் சுற்றிப் பார்க்க விரும்பித் தென்கோடிக்கு வந்தவர் அவர். அன்று அவர் கண்ட காட்சி அவர் வாழ்வின் திசையையே மாற்றியது.

அவரைப் பற்றிப் பேசுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நலம். அவர் கிறிஸ்தவ சமயப் பணியாளர். அவருடைய கொள்கை வேறு, நம்முடைய கொள்கை வேறு. ஆயினும் நீதி வழங்குவதில் வேறுபாடு காட்டலாகாது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கின்றது. ஹிஜ்ரத்தின் ஆபத்தான பயணத்தில் அண்ணலாருக்கு வழிகாட்டியாக அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் பின் உரைகித் அப்போது இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை என்பதையும் நாம் அறிவோம். நன்மை எங்கிருந்தாலும் அதனை நன்மை என்று ஒப்புக்கொள்வது நமது பண்பாடு.

போர்க்களத்தில் கற்ற பாடம்

சாமர்வெல் 1890ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கெண்டல் நகரில் காலணி உற்பத்தி செய்யும் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பயின்று லண்டனில் அறுவை மருத்துவரானார். முதல் உலகப் போர் மூண்டபோது இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து பிரான்சுக்குச் சென்றார்.

1916ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சோம் நதிக்கரைப் போர் தொடங்கியது. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் 57,000க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர் அல்லது மாண்டனர். சாமர்வெல் பணியாற்றிய மருத்துவ முகாமைச் சுற்றியிருந்த வயல்வெளி முழுவதும் காயம்பட்டோர் கிடத்தப்பட்டிருந்தனர். அறுவை செய்வதற்கோ விரல்விட்டு எண்ணத்தக்க மருத்துவர்களே இருந்தனர். ஓய்வு கிடைத்த சில நிமிடங்களில் அவர் காயம்பட்டோரிடையே நடந்து சென்றார். தம்மை முதலில் கவனிக்குமாறு அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. இந்த அனுபவத்தை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. போரையே வெறுப்பவராக அவர் ஊர் திரும்பினார்.

அன்புடையோரே! சிந்தித்துப் பாருங்கள். மருத்துவமனைச் சீட்டு வாங்கும் வரிசையில் பத்து நிமிடம் நிற்க நேர்ந்தால் நம் நிதானம் என்னவாகிறது? மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவர் வீரர் அல்லர், கோபம் வரும்போது தம்மை அடக்கிக் கொள்பவரே வீரர் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அந்த வீரம் எத்தகையது என்பதை வலியின் உச்சத்தில் வாய்திறவாது காத்துக்கிடந்த அம்மனிதர்கள் காட்டினர்.

பனிமலையில் நேர்ந்தவை

சாமர்வெல் சிறந்த மலையேறும் வீரரும் ஆவார். 1922இல் எவரெஸ்ட் சிகரத்தை அடைய முயன்ற பிரிட்டிஷ் குழுவில் அவர் இடம்பெற்றிருந்தார். அந்த ஆண்டு ஜூன் 7ஆம் நாள் பனிச்சரிவு ஏற்பட்டுச் சுமை தூக்கி வந்த மலைவாழ் தொழிலாளர்கள் ஏழு பேர் மாண்டனர். சாமர்வெல் உயிர் தப்பினார். ஆனால் தப்பியதில் அவருக்கு மகிழ்ச்சி ஏற்படவில்லை. நம்மை நம்பி வந்தவர்கள் இறந்தனர், நம்மவரில் ஒருவரேனும் அவர்களோடு அம்மரணத்தைப் பகிர்ந்து கொள்ளவில்லையே என்று அவர் மனம் வெதும்பினார்.

அந்த வேதனை ஆறாத நிலையில்தான் அவர் நெய்யூருக்கு வந்தார். அங்கே நோயாளிகள் திரள்திரளாகக் காத்திருந்தனர். அத்தனை பேருக்கும் அறுவை செய்ய மருத்துவர் பியூ என்ற ஒருவரே இருந்தார். அவரும் ஓய்வின்றிக் களைத்துப் போயிருந்தார். சாமர்வெல் சுற்றுப்பயணத்தை நிறுத்திவிட்டு அவருக்குத் துணையாகக் கத்தியைக் கையிலெடுத்தார். லண்டனில் அவருக்காகப் புகழ்பெற்ற மருத்துவமனையின் பணி காத்திருந்தது. அங்கே அவரில்லாவிட்டால் வேறொருவர் வருவார், இங்கே அவரில்லாவிட்டால் வருவதற்கு எவரும் இல்லை. இதை உணர்ந்த அவர் லண்டன் பணியைத் துறந்து நெய்யூரைத் தேர்ந்தெடுத்தார்.

1924இல் மீண்டும் எவரெஸ்ட் பயணத்திற்கு அழைப்பு வந்தது. அப்பயணத்தின்போது மேல்முகாம் ஒன்றில் தொழிலாளர்கள் நால்வர் சிக்கிக் கொண்டனர். சரிந்து விழக்கூடிய பனிச்சரிவின் குறுக்கே கயிற்றைக் கட்டிக்கொண்டு சென்று அவர்களை மீட்டுவந்த மூவரில் சாமர்வெல் முன் நின்றார். இரண்டாண்டுகளுக்கு முன் எழுவரைக் காப்பாற்ற இயலாதவர், இம்முறை நால்வரை மீட்கத் தம் உயிரைப் பணயம் வைத்தார். குற்றவுணர்வை மனத்தில் சுமந்துகொண்டு வருந்துவது வேறு, அதனைப் பிறரைக் காக்கும் செயலாக மாற்றுவது வேறு என்பதை இங்கே கவனியுங்கள்.

அதே ஆண்டு ஜூன் 4ஆம் நாள் நார்ட்டன் என்பவருடன் பிராணவாயுக் குடுவையின்றி அவர் சிகரத்தை நோக்கி ஏறினார். வறண்ட கடுங்குளிர்க் காற்றில் அவருடைய தொண்டை ஏற்கனவே புண்ணாகியிருந்தது. சுமார் 28,000 அடி உயரத்தில் மேலே செல்ல இயலாது என்று உணர்ந்து அவர் நின்றுவிட்டார். சிகரம் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் கண்ணெதிரே தெரிந்தது. தோழரைத் தொடர்ந்து செல்லுமாறு கூறிவிட்டு அவர் அங்கேயே தங்கினார். நார்ட்டன் 28,126 அடி வரை சென்று, அவரும் திரும்ப நேர்ந்தது.

இறங்கும் வழியில் சோதனை முற்றியது. உறைகுளிரால் சிதைந்த குரல்வளையின் உட்சவ்வு உரிந்து மூச்சுப் பாதையை அடைத்துக் கொண்டது. முன்னே சென்ற தோழரை அழைக்கக் குரல் எழவில்லை. அவர் படம் வரைவதற்காகப் பின்தங்குகிறார் என்று தோழர் எண்ணிக் கொண்டார். சாமர்வெல் மரணத்தை எதிர்பார்த்துப் பனியில் அமர்ந்துவிட்டார். ஆயினும் இறுதியாக ஒருமுறை இரு கைகளாலும் தம் மார்பை வலுவாக அழுத்தி உந்தினார். அடைப்பு இரத்தத்தோடு வெளியே வந்து விழுந்தது. மூச்சு திரும்பியது. அந்த ஒரு மூச்சின் விலை என்ன என்பதை அவர் அன்று அறிந்திருப்பார். நாமோ ஒரு நாளில் எத்தனை ஆயிரம் முறை எண்ணிப் பாராமலேயே மூச்சு விடுகிறோம்!

நாள்தோறும் ஏறிய மலை

இத்தனை ஆபத்துகளையும் கடந்தவர் நெய்யூருக்குத் திரும்பினார். 1949ஆம் ஆண்டு வரை அம்மருத்துவமனையே அவருடைய பணிக்களமாக இருந்தது. அதன்பின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1961 வரை மாணவர்களுக்கு அறுவை மருத்துவம் கற்பித்தார். பனிமலையில் அவர் கழித்த நாட்களைப் பற்றி உலகம் இன்றும் பேசுகிறது. நெய்யூரில் கால் நூற்றாண்டாக அவர் செய்த பணியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் உண்மையான கடினம் எது? ஒருநாள் துணிவதற்கு ஆர்வம் போதும். கைதட்டுவோர் எவருமின்றி, புழுக்கத்திலும் மழையிலும், விடியும்தோறும் அதே வரிசையின் முன் மீண்டும் வந்து நிற்பதற்கு நஃப்ஸைப் பழக்கியிருக்க வேண்டும்.

அவர் காலத்தில் நம் பகுதி ஏழைகளிடையே குடற்புண் மிகுதியாகக் காணப்பட்டது. அதற்கான அறுவை சிகிச்சையைப் பெரும் எண்ணிக்கையில் செய்து அனுபவம் பெற்ற அவர், சக மருத்துவருடன் சேர்ந்து 1936இல் பிரிட்டனின் அறுவை மருத்துவ இதழில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அக்காலத்தில் குன்னூரில் உணவாய்வு நடத்திய மருத்துவர் மக்காரிசன், மரச்சீனிக் கிழங்கையே பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூர் ஏழைகளின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவற்றில் பலவற்றுக்கும் வயிற்றில் புண் உண்டாயிற்று. சத்தற்ற உணவும் நோய்க்குக் காரணமாகலாம் என்பது தெரியவந்தது. வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கத்தால் வாய்ப்புற்று கண்டவர்களும் நெய்யூருக்கு வந்தனர். அவர்களுக்கு ரேடியம் கொண்டு சிகிச்சை அளிக்கப்பட்டது.

இதில் நமக்கு இரு படிப்பினைகள் உள்ளன. முதலாவது, வறுமையால் வந்த நோயைப் பாவத்தின் தண்டனை என்று கூறி ஒதுக்கிவிடக் கூடாது. காரணத்தைத் தேடிக் கண்டறிந்து நீக்க முயல வேண்டும். இரண்டாவது, பழக்கத்தால் வரும் நோயை விதி என்று கூறித் தப்பிக்கவும் கூடாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தியைத் திர்மிதி பதிவு செய்கிறது. புகையிலையை வாயில் அடக்கிக் கொண்டு ஷிஃபாவுக்காகக் கையேந்துவது ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுத் தவக்குல் பேசுவதை ஒத்ததாகும்.

ரமளான் மாதம் முழுவதும் ஹலாலான உணவையே பகலில் விலக்கி வைக்க ஆற்றல் பெற்றவர்கள் நாம். தாகம் வாட்டும் நண்பகலில், எவரும் பாராத தனிமையிலும் ஒரு மிடறு நீர் பருகாமல் இருக்கிறோம். இத்தகைய மனவலிமையை உடையவர்களால், மருத்துவர் தடுத்த இனிப்பை மஹ்ரிபுக்குப் பின்னும் தவிர்க்க இயலாதா? நோன்பு தரும் பயிற்சியை நோன்பு மாதத்தோடு மூடி வைத்துவிடுவதுதான் நமது குறை.

இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களின் துயரம்

துன்பத்தைப் பணியாக மாற்றிய சான்றுகள் நமது முன்னோர் வரலாற்றிலும் நிறைந்துள்ளன. அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே நினைவுகூர்வோம்.

கெய்ரோவில் ஹிஜ்ரி 773இல் (கி.பி. 1372) பிறந்த இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர்கள். ஸஹீஹுல் புகாரிக்கு 'ஃபத்ஹுல் பாரீ' எனும் மாபெரும் விரிவுரையை ஹிஜ்ரி 817இல் எழுதத் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டுகளில், ஹிஜ்ரி 819இல் கொள்ளைநோய் அவர்களின் இரு புதல்வியரைக் கொண்டு சென்றது. ஹிஜ்ரி 833இல் மீண்டும் பரவிய கொள்ளைநோயில், கருவுற்றிருந்த மூத்த மகளும் மரணமடைந்தார். மூன்று மகள்களை மண்ணில் வைத்த ஒரு தந்தையின் உள்ளம் எப்படி இருந்திருக்கும்?

இமாம் அவர்கள் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. கொள்ளைநோயைப் பற்றியே 'பத்லுல் மாஊன்' என்ற நூலை இயற்றினார்கள். அதில் நபிமொழிகளை ஆராய்ந்ததோடு, தாம் கண்டதையும் மறைக்காமல் எழுதினார்கள். கெய்ரோ மக்கள் வெட்டவெளியில் பெருந்திரளாகக் கூடிப் பிரார்த்தித்த பின் இறப்பு எண்ணிக்கை கூடியது என்பதையும் அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். 2020ஆம் ஆண்டில் பள்ளிவாசல்களில் ஜுமுஆ நடைபெறாதபோது நாம் கண்ணீர் வடித்தோம் அல்லவா? அந்நாட்களில் உலகெங்கும் ஆலிம்கள் பலர் இந்நூலை எடுத்துப் புரட்டினர். ஆறு நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஒரு தந்தையின் துயரம் நமக்கு வழிகாட்டியாக வந்து நின்றது. ஃபத்ஹுல் பாரீயும் ஹிஜ்ரி 842இல் நிறைவுற்றது. இருபத்தைந்து ஆண்டுகளின் உழைப்பு அது.

நாம் செய்ய வேண்டியவை

மதிப்பிற்குரியோரே! துன்பம் தானாகவே எவரையும் உயர்த்தி விடுவதில்லை. அதே நோய் ஒருவரைக் கசப்பு நிறைந்தவராக்குகிறது, மற்றொருவரைக் கனிவு நிறைந்தவராக்குகிறது. துன்பம் வந்தபின் நாம் எடுத்து வைக்கும் அடுத்த அடியே இந்த வேறுபாட்டைத் தீர்மானிக்கிறது. போர்க்களத்தின் கொடுமையைக் கண்டவர் காயங்களைத் தைக்கும் பணியில் வாழ்நாளைக் கழித்தார். மகள்களை இழந்த இமாம், வாழ்வோருக்காக எழுதினார்கள். தம் வலியினால் பிறர் வலியை அறிந்து, அதற்காக எழுந்து நின்றபோது இவர்களுக்கு மனவலிமை கிட்டியது.

நோயுற்றிருக்கும் சகோதரரே, சகோதரியே! பெரிதாக எதையும் செய்யுமாறு உங்களை எவரும் கேட்கவில்லை. மருந்தை உரிய நேரத்தில் உட்கொள்வது உங்கள் இன்றைய ஸப்ரு. நிற்க இயலாவிட்டால் அமர்ந்து தொழுவதும், அமர இயலாவிட்டால் படுத்தபடி தொழுவதும் மார்க்கம் உங்களுக்குத் தந்த சலுகை. உங்களைப் பராமரிப்பவரிடம் ஓர் இன்சொல் கூறுங்கள். அதுவும் தர்மமே. வலியை மறைத்து வைக்காதீர்கள். இறைவனிடம் முறையிட்ட அய்யூப் (அலை) அவர்களையே பொறுமையாளர் என்று குர்ஆன் புகழ்கிறது.

நோயாளியைப் பராமரிப்பவர்களே! உங்கள் களைப்பு அல்லாஹ்விடம் வீணாவதில்லை. நீங்களும் சற்றே ஓய்வெடுங்கள். மருத்துவர் பியூவின் களைப்பைக் கண்ட ஒருவர் அவருக்குத் துணைநின்றது போல், உங்கள் சுமையில் பங்கேற்க மற்றவர்கள் முன்வர வேண்டும்.

நலம் விசாரிக்கச் செல்லும் நாம், அடுத்தமுறை "பொறுமையாக இருங்கள்" என்று கூறிவிட்டு எழுந்துவிட வேண்டாம். மருந்து வாங்க ஆள் வேண்டுமா என்று கேட்போம். இரவில் துணைக்கு இருக்கட்டுமா என்று கேட்போம். ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலம் முழுவதையும் வாழவைத்தவரைப் போன்றவர் என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனம் கூறுவது மருத்துவர்களுக்கு மட்டும் உரியதன்று.

சிரமத்துடனேயே இலகுவும் உண்டு என்று அல்லாஹ் வாக்களித்துள்ளான். அந்த இலகு சில வேளைகளில் நம்மைத் தேடி வரும். சில வேளைகளில் நம் கைகளின் வழியே பிறரைத் தேடிச் செல்லும்.

நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவையும், பராமரிப்போருக்குச் சோர்வற்ற உள்ளத்தையும், நம் அனைவருக்கும் நஃப்ஸை அடக்கும் ஆற்றலையும், பிறர் துன்பம் கண்டு எழுந்து நிற்கும் ஈமானின் வலிமையையும் வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன்.